காய்ச்சல் எங்கே போனது?

"எங்க அக்கா நடிக்கிறாளாம், டாக்டரம்மா!"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தவர் கடைகளுக்கு அபாய மணி பொருத்துகிறவர். குரலும் கிட்டத்தட்ட அந்த மணிக்குச் சமமாகத்தான் இருந்தது.

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத் தலைவியை எல்லோரும் 'நிதானம்' என்றே அழைப்பார்கள். கூரையே இடிந்து விழுந்தாலும் கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவருடைய உதவியாளர் நேர்மாறு. அந்தப் பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பட்டாசு'.

"உட்காருங்க. என்ன ஆச்சு?" என்றார் நிதானம்.

"நேத்துலேருந்து வயித்துவலியில சுருண்டு கிடக்கா. காய்ச்சல் இல்ல, ரத்தத்துல ஒண்ணுமில்ல, வாயுத் தொல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு சர்ஜன். அம்மா போனப்புறம் என்னை வளர்த்தவ அவதான். தையல்காரி, விரல்ல ஊசி ஏறினாக்கூட முகம் சுளிக்க மாட்டா. அவ அழுறாம்மா!"

நிதானம் திரையில் அறிக்கையைப் பார்த்தார். உடம்பில் அழற்சி வந்தால் கல்லீரல் கிடுகிடுவென்று உண்டாக்கும் புரதம் ஒன்று உண்டு, சிஆர்பி என்பார்கள். அக்காவின் ரத்தத்தில் அது கருவிக்கே எட்டாத அளவுக்குக் கீழே கிடந்தது.

"ரத்தம் மாறிப்போச்சு மேடம்! வேற யாரோடதோ!" என்று பட்டாசு வெடித்தாள். ஓடிப்போய்த் தானே புதிதாக ரத்தம் எடுத்து வந்து பார்த்தாள். அதே முடிவு. முகம் தொங்கிப்போனது.

"சுத்தமா இருக்கு மேடம். துடைச்சு வெச்ச மாதிரி."

"அதுதான் எனக்குப் பிடிக்கல. இவ்வளவு துடிக்கிறவங்களுக்குக் கொஞ்சமாவது ஏற வேண்டாமா? வா, ஆளைப் பார்ப்போம்."

அக்கா கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். உடம்பு சுடவில்லை, ஆனால் நாடி தறிகெட்டு ஓடியது. விரல் மூட்டுகள் பழைய வேர்போலக் கோணியிருந்தன. ஆனால் வீக்கம் துளியும் இல்லை. நிதானம் அந்த விரல்களை மடக்கிப் பார்த்தார். சுலபமாக மடங்கின. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பை எட்டிப் பார்த்தது. அதன் வெளிப்புறம் ஈரமாக வியர்த்திருந்தது.

"அதுல என்ன?"

"சாப்பாடா இருக்கும்" என்றார் தம்பி.

"ஒரு வாய் தண்ணிகூட இறங்காதவங்களுக்கா?"

அக்கா பையை உள்ளே தள்ளினாள். நிதானம் புன்னகையோடு திரும்பி, "பட்டாசு, சர்ஜனைக் கையோடு கூட்டிட்டு வா" என்றார்.

சர்ஜன் கடுகடுவென்று வந்து சேர்ந்தார். நிதானம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, ஊசியை எங்க போட்டுக்கறீங்க? தொடையிலயா?"

அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண் கலங்கியது. "வாரா வாரம், தொடையிலதான். மூட்டு நோய்க்கு. இவனுக்குத் தெரிஞ்சா தையல் மிஷின்லயே உட்கார விடமாட்டான். கைக்குப் போடுற ஊசிக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்னு டாக்டர்கிட்டயும் சொல்லல."

"அடிப்பாவி! என்கிட்டயேவா மறைச்சே?" என்றார் தம்பி.

"சம்பந்தம் இருக்கு" என்றார் நிதானம். "கோணிப்போன மூட்டு, ஆனா வீக்கமே இல்ல. அப்போ பலமான மருந்து போகுது. ஐஸ் வெச்ச பை, அப்போ அது மாத்திரை இல்ல, ஊசி. உடம்புல ஆபத்து வந்தா வெள்ளணுக்கள் சைட்டோகைன்னு சில புரதங்களைத் தூது அனுப்பும். சிலது 'கிளம்பு, அடி'ன்னு சொல்லும், சிலது 'போதும், அடங்கு'ன்னு சொல்லும். இன்டர்லூக்கின்-ஆறு அப்படி ஒரு தூது. மூளைகிட்ட 'சூடு ஏத்து'ம்பான், கல்லீரல்கிட்ட 'சிஆர்பி செய்'ம்பான். இவங்க உடம்புல அவன் ஓயாம கத்தினதாலதான் காவல்படை சொந்த மூட்டுகளையே அடிச்சுது. அவன் பேச்சு யார் காதுலயும் விழாம பண்றதுதான் இந்த ஊசி."

தம்பி துள்ளி எழுந்தார். "அப்போ ஒயரைப் பிடுங்கியாச்சு! உள்ள தீப்பிடிச்சாலும் மணி அடிக்காது!"

"அதேதான். காய்ச்சல் இல்லைங்கறது இவங்க விஷயத்துல சாட்சியே இல்ல. நாடியும் வலியும்தான் உண்மையைச் சொல்லுது. அதோட, இந்த மருந்து போட்டுக்கறவங்க சிலருக்குக் குடல்ல ஓட்டை விழுறதும் உண்டு."

சர்ஜனின் முகம் வெளுத்தது. ஆனால் நல்ல மனுஷன், வாதாடவில்லை. வீட்டுக்கு அனுப்பும் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு, "ஸ்கேன்! இப்பவே!" என்று கத்தினார்.

ஸ்கேனில் குடலுக்கு வெளியே காற்று தெரிந்தது. கட்டில் நேராக அறுவை அரங்குக்கு உருண்டது. நிதானம் வெளியே நாற்காலியில் அமர்ந்து டீ குடித்தார். பட்டாசு நகத்தைக் கடித்தாள். தம்பி சுவரோரமாக நின்று அழுதார்.

கடைசியில் கதவு திறந்தது. சர்ஜன் முகமூடியை இழுத்துவிட்டார். "ஓட்டை இருந்துச்சு. அடைச்சாச்சு. வீட்டுக்கு அனுப்பியிருந்தா இந்நேரம்..." நிதானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பட்டாசு போட்ட கூச்சலில் வார்டு முழுக்க எட்டிப் பார்த்தது.

மறுநாள் அக்கா கண் விழித்ததும் தம்பி அவள் கோணல் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "இனிமே எதையும் மறைக்காதே அக்கா. மிஷின்ல தாராளமா உட்காரு. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"எழுதிக் குடுடா" என்றாள் அக்கா, ஈனக் குரலில். பிறகு சர்ஜனை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க, வயித்துக் கட்டைக் கொஞ்சம் விலக்குங்க. தையல் நேரா போட்டிருக்கீங்களான்னு நான் பார்க்கணும்."