மூன்று பேர் எடை

"அதைக் கீழ வைங்க. வைங்கன்னு சொல்லுதேன்ல—"

"வைக்க மாட்டேன். இன்னைக்கு இந்த எழவை ஏத்திக்கிட்டு நீ போவக் கூடாது, அவ்ளோதான்—"

"ஐயோ, கொட்டிராதீங்க! எத்தனை பேரு கையக் கால புடிச்சு வாங்கினது தெரியுமா—"

கொட்டியாகிவிட்டது. கழுவுதொட்டியின் துளையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு சுழி சுழித்துவிட்டு இறங்கிப் போனது. மிக்கேல் காலிக் குப்பியை மேடைமேல் வைத்தான். புருஷன் முகத்தைப் பிரகாசி பார்த்தாள். பார்த்தும் இரங்கவில்லை.

மிதவூரில் அந்த மருந்துக்குப் பூச்சு என்று பெயர். இரும்பு, பி12, கால்சியம், இன்னும் என்னென்னவோ கலந்தது. ரத்தப் பரிசோதனை நாளன்று காலையில் ஏற்றிக்கொண்டால் அரை நாளைக்கு ரத்தம் நல்ல ரத்தம்போல நடிக்கும். விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான். பொழுது சாய்வதற்குள் உதிர்ந்துவிடும்.

"இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பெஞ்சில போயி உக்காருவேன்?"

"இருக்குற மூஞ்சியோட போ. அதுல பொட்டு ரத்தம் இல்லைங்கறதை அவங்களும் பாக்கட்டும்."

"பாத்தா என்ன ஆவும்? வயித்துச் சுருக்கை அவுப்பாவ. ஊட்டி ஊட்டித் தேத்துவாவ. நான் எடை ஏறுவேன். வீடு தாங்குமா?"

"பிரகாசி, ஒனக்குப் பாதம் மரத்துப்போச்சு. நேத்து சூட்டுத்தட்டை மிதிச்சுக்கிட்டே நின்னுட்டிருந்தே. தீயிற வாசம் வந்து நாந்தான் ஓடியாந்து இழுத்தேன்."

"என் காலு. நான் பாத்துக்கிடுதேன்."

வீடு தாங்குமா என்று அவள் கேட்டது பேச்சுக்குக் கேட்டதல்ல. கரையைக் கடல் கொண்டபிறகு தூத்துக்குடிக்கு நேர்கிழக்கே கட்டிய மிதக்கும் ஊர் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் என்று எடைப்பங்கு உண்டு. வாசலில் எடைப்படி இருக்கும். மிதித்துத்தான் உள்ளே வரவேண்டும். பங்கு மிஞ்சினால் படி சிவக்கும். சிவப்பு ஒரு மாதம் நிலைத்தால் அந்த வீட்டில் ஒருவர் கரைக்குப் போக வேண்டும். உப்பு ஏறாத கிணறு ஒன்றுகூட இல்லாத கரை. போனவர்கள் முதலில் கூப்பிட்டுப் பேசுவார்கள். பிறகு அழைப்பு வரும், பேச்சு இருக்காது, இருமல் மட்டும் கேட்கும். அதற்கப்புறம் அழைப்பும் வராது.

கல்யாணமான புதிதில் அவர்களுக்குத் தந்தது இரண்டு பேர் எடையும் ஒரு கைக்குழந்தையின் எடையும். குழந்தை குழந்தையாகவே இருந்துவிட்டால் வம்பில்லை. ரொசித்தா வளர்ந்தாள். மிக்கேல் வீட்டு வாகு, எலும்பே கனம். பிள்ளை வளர்வதைப் பார்த்து எந்தத் தாயாவது பயப்படுவாளா? மிதவூரில் எல்லாத் தாய்மாரும் பயப்பட்டார்கள்.

குறைவாகத் தின்று எடை இறங்குவதற்காகக் கத்தி வைத்து வயிற்றைச் சிறிதாக்கும் இரைப்பைச் சுருக்குக்கு முதலில் போய் நின்றவன் மிக்கேல்தான். சர்க்கரை ரத்தம், ஒழுங்காக உறையாத ரத்தம் என்று முன்பரிசோதனையிலேயே தள்ளிவிட்டார்கள். பிரகாசியின் ரத்தம் தேறியது. கத்தி வைப்பதற்கு முன்னும் ரத்தம் நன்றாக இருக்க வேண்டும். வைத்தபின் ஆயுளுக்கும் அவ்வப்போது காட்டி, நன்றாக இருக்கிறதென்று நிரூபிக்க வேண்டும். யாரையும் பட்டினி போட மாட்டோம் என்பது மிதவூர் நிர்வாகத்தின் பெருமை. ஆனால் மகள் ஒரு கிலோ ஏறினால் அந்த ஒரு கிலோ எங்கிருந்தாவது இறங்க வேண்டுமே. சுருங்கிய வயிறு கேட்டது மூன்று கரண்டி. அதையும் இரண்டாக்கினாள், பிறகு ஒன்றாக்கினாள். வெறும் வயிற்றில் சத்து மாத்திரை குமட்டியது; அதையும் விட்டாள்.

மிக்கேல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

"கேளு. நமக்குப் பங்கு கூடக் கெடைக்கப் போவுது."

"யாரு குடுக்கா?"

"சங்கிலித் துறையில. நங்கூரத்துக்கு முங்குற என்னைய மாதிரி ஆளுகளுக்கு மட்டும். பேசியாச்சு. நீ அவுத்துக்கிடலாம். திங்கலாம்."

"நெசமாவா?"

"நெசந்தான்."

"ரொசித்தா மேல சத்தியம் பண்ணுங்க."

"செத்துப்போன எங்கம்மா மேல சத்தியம்" என்றான்.

அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஐந்து வருஷமாகப் பசியை மடித்து மடித்து வைத்திருந்த உடம்பு, "திங்கலாம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நாய்க்குட்டிபோல வாலாட்டிக்கொண்டு எழுந்துவிட்டது.

"நீங்க கூட வரலையா? எப்பவும் வருவியளே."

"இன்னைக்கு வேண்டாம். என்னால பாக்க முடியாது."

அவன் போனபிறகு அரிசி டின்னைத் திறந்து கைவிட்டுத் துழாவினாள். இன்னொரு குப்பி இருந்தது. அது அவனுக்குத் தெரியாது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மீன் குழம்பில் பிசைந்த சோறு, பெரிய உருண்டையாக, தொண்டையை அடைத்துக்கொண்டு இறங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். குப்பியைத் திரும்ப அரிசிக்குள் புதைத்து மூடினாள்.

குருதிக்கூடத்தில் இரண்டு நீள பெஞ்சுகள், எதிரும் புதிருமாக. முன் என்று எழுதிய பெஞ்சில் சுருக்குக்குக் காத்திருப்பவர்கள். பின் என்று எழுதியதில் சுருக்கு முடிந்தவர்கள். உதிர்ந்த முடியை முக்காட்டால் மறைத்துக்கொண்டு, கையை இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு இருப்பார்கள். எதிரே யாரோ நெய்ச்சோற்றைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தாள். பிரகாசிக்குப் பக்கத்தில் இருந்த கிழவி முணுமுணுத்தாள்: "பாவிய வயித்தை மட்டுந்தான் சுருக்குனாவ. மூக்கை விட்டுட்டாவ."

நெடுநாளைக்குப் பிறகு பிரகாசி சிரித்தாள்.

ரத்தம் எடுக்கும் நிலோபர் தெரிந்த பெண்தான். "என்னக்கா, கை இப்படிச் சில்லுன்னு கெடக்கு" என்று தேய்த்துவிட்டு, நரம்பு தேடி இரண்டு தடவை குத்தினாள். குருதிமானியின் திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹீமோகுளோபின் சிவப்பு. இரும்புச் சேமிப்பு சிவப்பு. பி12 கோடே காணோம்.

"அக்கா, போன தடவை எல்லாம் பச்சையா இருந்துச்சே?"

பிரகாசி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நிலோபர் மேலே தோண்டவில்லை.

"சரி, விடுங்க. சுருக்கை அவுத்துரலாம். பயப்படாதீங்க, உங்க வீட்டுல எடை எறங்கப்போவுதுன்னு பதிவாகியிருக்கு."

"எறங்கப்போவுதா? பங்கு கூடும்னுல்ல அவுக சொன்னாவ."

"பங்கு எங்கக்கா கூடும்? கடலு மட்டுந்தான் கூடுது. எறங்குறதுதான். இன்னைக்குக் காலையிலதான் முன்பரிசோதனை முடிஞ்சுது." நிலோபர் கண்ணால் எதிர் பெஞ்சைக் காட்டினாள்.

பெஞ்சின் கடைசியில் பள்ளிச் சீருடையில், ஒரு சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி ரொசித்தா உட்கார்ந்திருந்தாள்.

பிரகாசி எழுந்தாள். மரத்த பாதம் தரையை நம்பவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

"ஏட்டி, நீ இங்க என்ன பண்ணுத?"

"கோவப்படாதம்மா."

"ஒங்கப்பா கூட்டியாந்தாவளா?"

"நாந்தான் கேட்டேன். அவரு மாட்டேன்னு அழுதாரு. ஒன் குப்பியப் பத்தி ஆபீஸுல சொல்லிருவேன்னு மெரட்டுனேன். நீ செத்துருவேம்மா. கண்ணாடியில பாக்குறியா இல்லியா?"

பிரகாசி நிலோபரிடம் திரும்பினாள். "சின்னப் பிள்ளைக்குக் கத்தி வைப்பியளா?"

"பதினஞ்சு முடிஞ்சா வைக்கலாம்னு மாத்திட்டாங்கக்கா. பெத்தவங்கள்ல ஒருத்தர் சம்மதம் போதும்." பிறகு, நல்லது எதையாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்தவள்போல, "ரத்தம் அருமையா இருக்கு. இவ்வளவு நல்ல ரத்தம் இந்த வருஷம் நான் பாக்கவே இல்ல" என்றாள்.

இருக்காதா? அம்மா தின்னாமல் விட்ட சோறெல்லாம் அந்த ரத்தத்தில்தானே இருந்தது.

"நிலோபரு, என்னை மறுபடி குத்தும்மா. வீட்டுக்குப் போயிட்டு ஓடி வந்துருதேன். அரிசி டின்னுல..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நல்ல ரத்தமாக் கொண்டாரேன். நான் அவுக்க வேண்டாம், அவளுக்குக் கத்தியும் வேண்டாம். சத்தியமா நல்ல ரத்தமாக் கொண்டாரேன்."

"எடுத்தது பதிவாயிருச்சுக்கா. திருப்ப முடியாது. இனி அவுக்காம விட மாட்டாங்க."

ரொசித்தா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். ஒருத்தி கை சில்லென்று, ஒருத்தி கை கதகதவென்று. இரண்டிலும் ஒரே மாதிரிப் பஞ்சு.

"நீ இனிமே சாப்பிடலாம்மா. சுறாப்புட்டு பண்ணி நான் ஒனக்கு ஊட்டிவிடுவேன். எனக்கு ஒரு கரண்டி போதும், பழகிக்கிடுவேன். நீ பழகலையா?"

மகள் நிலோபரிடம் கேட்டாள்.

"அக்கா, எனக்குச் சுருக்குறதுக்கு முந்தியே அம்மாவுக்கு அவுத்துருவீங்கல்ல?"

"இல்லம்மா. மொதல்ல ஒனக்கு. நீ எறங்குனதுக்கப்புறந்தான் அம்மாவுக்கு அவுப்போம். இல்லைன்னா படி தாங்காது."

"எறங்குற வரைக்கும் அம்மா?"

"ஊசி போட்டுத் தாக்காட்டுவோம்."

ரொசித்தா பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் அதற்குள் நின்றிருந்தது. முன் என்ற எழுத்தையும் பின் என்ற எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர்கள் இவ்வளவு நேரம் பேசியும் யாரும் போடாத கணக்கை அவள் போட்டுக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்போ, நானும் எங்கம்மாவும் ஒண்ணா உக்காந்து வயிறு நெறைய சாப்பிட ஒரு நாளு கூடக் கெடையாதாக்கா?"