கனகம் கட்டிய பொய்மீன்

மழைக்கு ஒதுங்கியவனுக்கு மழையைப் பார்க்கத் தெரியாதா? கடைக்குள் இருப்பதை எட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டுமா? பார்த்ததோடு நிற்காமல் வாய்விட்டுச் சிரிக்கவும் வேண்டுமா?

கடலைக் கண்ணால் காணாத பட்டாளத்து ஊரான திருமுல்கேரியின் கடைவீதியில், அப்பா பெருமாளின் தூண்டில் கடைக்குள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கனகத்துக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

"என்னங்க இது, மீனா? எலிக்குட்டியால்ல இருக்கு!"

எலிக்குட்டியாம்! மதராஸுக்குக் கடல்மீன் பிடிக்கப் போகும் பட்டாளத்துத் துரைகளுக்காக அவள் கட்டிய பொய்மீன் அது. கொக்கியை வைஸ் இடுக்கியில் இறுக்கி, தண்டில் ஜரிகை சுற்றி, வயிற்றுக்கு வெள்ளாட்டு முடியும் முதுகுக்கு மயிலிறகும் வைத்து, பட்டு நூலால் தலையை இறுக்கிக் கண் எழுதுவாள். பெரிய மீன் அதைக் குட்டிமீன் என்று நம்பிக் கவ்வ வேண்டும். எல்லாம் கனகத்தின் கை. ஆனால் யார் கேட்டாலும் பெருமாள், "நம்ம கைதாங்க" என்பார். வயசுப் பெண்ணை வேலை வாங்கிப் பிழைக்கிறான் என்று ஊர் பேசிவிடுமாம்.

சிரித்தவன் சிவஞானம். நாகப்பட்டினத்துக்காரன், லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சிரித்ததும் போதாதென்று, கூரைத் தண்ணீர் நிரம்பிய வாளியில் பொய்மீனை முக்கினான். முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு அது கட்டையாகக் கிடந்தது.

"பாத்தீங்களா? எங்க நாகப்பட்டினத்து நெத்திலின்னா வெளிச்சம் ஊடால போவணும். இது நனைஞ்ச மூட்டை. யாருங்க கட்டினது?"

பெருமாள் தொண்டையைச் செருமினார். "அது... நம்ம பொண்ணு ஏதோ விளையாட்டுக்குக் கட்டினதுங்க."

விளையாட்டுக்கு! நன்றாக இருந்தால் அப்பாவின் கை, நொட்டை சொன்னால் பெண்ணின் விளையாட்டா? திரை விலகியது. கனகம் வெளியே வந்து நின்றாள்.

சிவஞானம் வாளியிலிருந்து நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்... இவ்வளவு கோபத்தை இவ்வளவு அழகான கண்களில் அவன் பார்த்ததே இல்லை.

"கடலைக் குடிச்சு வளர்ந்தவரு வந்துட்டாரு! காசு குடுத்தா வாங்கினீங்க? கைக்கு? எதுக்கு என் மீனைத் தண்ணியில போட்டீங்க?" கோபம் வந்தால் அவள் தமிழில் ஊர் இந்துஸ்தானி கலந்துவிடும்.

"மீனைத் தண்ணியில போடாம... தோசைக்கல்லுலயாங்க போடுறது?"

"நக்கல் பண்ற வேலை நக்கோ, வேணாம்! மழை விட்டுடுச்சு, கிளம்புங்க."

மழை விடவில்லை. கொட்டிக்கொண்டிருந்தது. அவன் நனைந்துகொண்டே போனான். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது... போ என்றால் போய்விடுவதா?

மறுநாள் வேலையில் உட்கார்ந்தாள். ஆனால் அவன் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. யோசித்தால் நியாயமாகவும் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்! துரைகள் உலர்ந்த பொய்மீனைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கொழுகொழுவென்று இருந்தால் உடனே எடுப்பார்கள். அதனால் அவளும் முடியை அள்ளி அள்ளி வைத்தாள். நனைந்தால் எப்படி இருக்கும் என்று யார் பார்த்தார்கள்? கடல் எங்கே, திருமுல்கேரி எங்கே?

ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடியும் வந்தான். கையில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே ஹுசேன்சாகர் ஏரியில் பிடித்த பொடிமீன்கள்.

"கடல்மீன் இல்லீங்க. ஆனா நீந்துற விதம் ஒண்ணுதான். அன்னிக்குச் சிரிச்சது தப்பு... சொன்னது தப்பில்ல."

"மன்னிப்புலயும் பாதிதானா?" என்று சீறினாள். ஜாடியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு வழியாக வெளிச்சம் கசிந்தது. ஒரு சிட்டிகை முடிதான் எடுத்தாள். ஜரிகை தெரியும்படி மெல்லிசாகக் கட்டினாள். கையில் பார்த்தால் நோஞ்சானாக இருந்தது. நூலில் கோத்து ஜாடிக்குள் இறக்கி மெல்ல இழுத்தாள்... முடி விரிந்தது, சுருங்கியது, மூச்சு விட்டது. பொடிமீன்கள் ஓடிவந்து அதன் பக்கத்தில் வரிசையாகச் சேர்ந்துகொண்டன!

"ஹவ்! ஆமா, நிசம்தான்!" என்றாள் தன்னை மறந்து.

"உங்க கைக்கு என்னத்தைக் குடுக்கிறதுன்னு தெரியலீங்க" என்றான் சிவஞானம். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கனகம்தான் முகத்தை ஜாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவனுக்குத் திருமுல்கேரியில் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. பெருமாளும் அவனை முறைத்துக்கொண்டே இருந்தார்.

ஜாடித் தண்ணீரில் நீந்தவிட்டு விற்ற புதுப் பொய்மீனோடு மதராஸ் போய்த் திரும்பிய கேப்டன் துரை ஒருநாள் கடைக்குள் நுழைந்தார். ஆளுயரச் சீலாமீன் சிக்கியதாம்! மெலிந்த அந்தப் பொய்மீனைத் தூக்கிக் காட்டி, இதைக் கட்டியது யார் என்று இந்துஸ்தானியில் கேட்டார்.

"நான்தான், சாப்" என்றார் பெருமாள், நெஞ்சை நிமிர்த்தி.

திரைக்குள் கனகம் பல்லைக் கடித்தாள்.

"இல்ல சாப்" என்றான் மூலையில் நின்ற சிவஞானம், அவனுக்குத் தெரிந்த இந்துஸ்தானியில். "இவங்க பொண்ணு கனகம் கட்டினது."

பெருமாளின் முகம் கறுத்தது. "எம் பொண்ணு பேரைக் கடையில நின்னு சொல்ல நீ யாருடா? உனக்கு என்ன உரிமை?"

என்ன உரிமை என்று சொல்லுவான்? சிவஞானம் தலையைக் குனிந்துகொண்டான். அது கனகத்துக்குப் பொறுக்கவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாருன்னா கேக்குறீங்க நைனா? மட்டமா இருந்தப்ப மட்டம்னு சொன்னாரு, நல்லா இருந்தப்ப நல்லா இருக்குன்னு சொன்னாரு. ரெண்டையும் என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு! மட்டமா இருந்தா மட்டும்தான் உங்களுக்கு அது என் கை. எனக்கு இவரைப் புடிச்சிருக்கு. கட்டிக்கிட்டா இவரைத்தான். இப்பத் தெரிஞ்சுதா, யாருன்னு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. காது வரை சிவந்துபோனாள். தமிழ் புரியாத துரை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

பெருமாள் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. துரையின் பக்கம் திரும்பினார்.

"என் பொண்ணு, சாப்" என்றார் கடைசியில். "கனகம்னு பேரு. எல்லாம் அவ கைதான்."

கனகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவஞானத்தின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் மொத நாள்லேருந்தே உங்களை..." என்று தடுமாறினான் அவன்.

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? நைனா இங்கேதானே நிக்கிறாரு... கேளுங்க!"