எங்க ஊட்டுக்கு வாங்க

லேப்டாப் திரையில் பெயரில்லாத ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. முகம் தெரியவில்லை, ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம் மட்டும், மதிவதனி பாடம் நடத்திய நேரமெல்லாம் அதிலிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டே இருந்தது. மழையில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. அன்று சாயங்காலம் அவளுடைய ஆன்லைன் ட்யூஷனில் மிஞ்சியது யஷ்வந்தும் ஷ்ரவ்யாவும்தான். பெயரில்லாத கட்டத்தில் இருப்பது புதிதாய்ச் சேர்ந்த கூச்சப் பிள்ளை, பழகினால் பேசியே காதைப் பிய்த்துவிடும் என்று சிரித்துக்கொண்டாள்.

நேரில் பார்த்தே இராத பிள்ளைகள் ஒட்டுறவாய் இருக்கட்டும் என்று அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் தங்கள் வீட்டுக்கு அழைக்க வேண்டும்.

"எல்லாரும் கிணத்துக்கடவுக்கு, எங்க ஊட்டுக்கு வாங்க," என்றான் யஷ்வந்த்.

"புதுசா வந்தவங்களையும் கூப்புடு கண்ணு," என்றாள் மதிவதனி.

"நீங்களும் வாங்க."

இழுபடும் சத்தம் நின்றது. "வாரேனுங்க," என்றது அந்தக் கட்டம். குழந்தைக் குரல் இல்லை.

யஷ்வந்துக்குப் பின்னால் கதவு திறந்தது. சாக்கடை வாடை பெரியநாயக்கன்பாளையத்தில் மதிவதனியின் அறைக்குள்ளேயே வந்து குமட்டியது. கறுத்த ஈரக் கை ஒன்று அவன் முடியைப் பிடித்துச் சுவரில் அடித்தது. மறுபடியும் அடித்தது. "மிஸ்!" என்று ஒருமுறைதான் கத்தினான். அப்புறம் எலும்பு நொறுங்கியது.

மதிவதனி திரையை இரண்டு கையாலும் பிடித்தாள். நான்தானே கூப்பிடச் சொன்னேன்.

"அடுத்து யாரு ஊட்டுக்குங்க?" என்றது கட்டம்.

காந்திபுரத்தில் ஷ்ரவ்யா தனியாக இருந்தாள். அப்பா அம்மா கடையில். "மிஸ், நான் கூப்புடோணுங்களா?"

"வேண்டா அம்மணி! வாயத் தொறக்காத! வெளிய ஓடு!"

"கதவு தொறக்க மாட்டேங்குதுங்க மிஸ்."

"யாரு ஊட்டுக்குங்க?"

மதிவதனி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டத்திடம் சொன்னாள்.

"எங்க ஊட்டுக்கு வாங்க."

கதவு. வாடை. மதிவதனியின் முடியில் ஈரக் கை. முகம் தரையில் மோதியது. பல் உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். கழுத்து இறுகியது. பிள்ளை பிழைத்துக்கொள்வாள். அது போதும்.

லேப்டாப்பிலிருந்து தேம்பல் கேட்டது. "மிஸ்ஸ விட்டுப்போட்டு... எங்க ஊட்டுக்கு வாங்க."

கழுத்திலிருந்த கை தளர்ந்தது.

கூப்பிடாதே என்று கத்தப் பார்த்தாள். ரத்தம்தான் வந்தது. மேசைக் காலைப் பிடித்து எழுந்தாள்.

திரையில் ஷ்ரவ்யா இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னலை ஈரக் கை ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.