ஆரைக் கூப்பிடுது?

கோழிகளின் சத்தம் நின்றிருந்தது.

எட்டாயிரம் கோழிகள் இருக்கிற பண்ணையில் சத்தம் நிற்பதென்பது இல்லை. சேந்தமங்கலம் ரோட்டிலிருந்த அந்தப் பண்ணைக்குக் கல்யாணமாகி வந்த ஏழு வருடத்தில், கம்பியில் அலகு உரசுவதும், முட்டைகள் உருண்டு வந்து மெல்ல மோதிக்கொள்வதும், தீவனத்தின் கருவாட்டு வாசமும், கண்ணைக் கரிக்கும் எச்சத்தின் நெடியும் மைதிலிக்குத் தன் மூச்சைப் போலப் பழகியிருந்தன. மலைப் பக்கமிருந்து காற்றே வராத ஒரு மாசி மாத மதியத்தில், மூன்று மணி சுமாருக்கு, யாரோ பெரிய துணியைப் போட்டு மூடியதைப் போல அத்தனை சத்தமும் அடங்கியது. அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

கொட்டகையின் கடைசி மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவாக, அன்பாக.

"சாமி..."

பிறகு கோழிகள் மறுபடியும் கத்தத் தொடங்கின.

"ஏனுங்க, இப்ப ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

எதிர் வரிசையில் நின்ற கணவன் ஜெகதீஸ்வரன் தலை நிமிரவில்லை. "இல்லியே புள்ள," என்றான்.

வாசலில் நான்கு வயது மகள் சஷ்மிதா உடைந்த அட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். மைதிலி இடுப்பிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினாள். 'மூன்று பத்து. ஒரு முறை. பயம் பத்துக்கு எட்டு. அவருக்குக் கேட்கவில்லை.'

அப்படி எழுதச் சொன்னவர் நாமக்கல்லில் இருக்கும் மனநல ஆலோசகர் அறிவுச்செல்வி. இந்தக் குரல் கேட்கத் தொடங்கி அவரிடம் போன முதல் நாள் அவர் கேட்டார், "சாமி உங்ககிட்ட பேசுதுன்னு எழுதிக்கட்டுமா?"

"ஐயோ, சாமி பேசலீங்க மேடம். சாமீன்னு கூப்பிடுது."

"எந்தச் சாமி?"

"எந்தச் சாமியும் இல்லீங்க. எங்க பக்கம் ஆரையும் அப்படித்தானுங்க கூப்புடுவோம். பெத்த புள்ளையும் சாமிதான், பால் ஊத்த வர்ற பெரியவரும் சாமிதான்."

ஆலோசகரின் சொந்த ஊர் ஆத்தூருக்கும் அந்தப் பக்கம்; இந்தப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. எழுதியதை அடித்துவிட்டுச் சிரித்தார். "நல்ல வேளை. இன்னும் கொஞ்சம் விட்டா உங்களைப் பூசாரியம்மா ஆக்கியிருப்பேன்." மைதிலியும் சிரித்தாள். அப்பா செத்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். "எங்கப்பாவும் என்னையச் சாமீன்னுதான் கூப்புடுவாருங்க," என்று சொல்லும்போது அழுதாள்.

இதற்கு ஒரே காரணம் என்று எதுவும் இருக்காது என்று அவர் விளக்கினார். மைதிலியின் பெரியம்மாவுக்கு இருந்த மனநோய் இரத்தத்தில் கொஞ்சம் வந்திருக்கலாம். அப்பாவின் சாவு, அதற்குப் பிறகு தூங்காத இரவுகள், யாரிடமும் சொல்லாமல் அடக்கிய துக்கம், எல்லாம் சேர்ந்து மூளையைக் களைப்பாக்கும். "இது நீங்க செஞ்ச பாவம் இல்லைம்மா," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மைதிலி விளக்கேற்றும்போதெல்லாம் அவரையும் நினைத்துக் கும்பிட்டாள்.

அங்கிருந்த டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆலோசகர் நோட்டைக் கொடுத்தார். குரல் கேட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். அவருக்குக் கேட்கவில்லை என்றால் அது நோயின் குரல், பயப்பட வேண்டாம். ஜெகதீஸ்வரனிடம் தனியாகச் சொன்னார். "உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. உங்க வாய்தான் இவங்களுக்குப் பாதி மருந்து."

அவன் தலையாட்டினான். ஓமலூரிலிருந்து அவன் அக்கா தினமும் போன் செய்துகொண்டிருந்தாள். சித்திரைக்குள் மைதிலி தேறாவிட்டால் சஷ்மிதாவைத் தானே கொண்டுபோய் வளர்ப்பதாக. பிள்ளை இல்லாமல் தன்னால் உயிரோடு இருக்க முடியாது என்று மைதிலிக்குத் தெரியும். அதனால் ஒரு வேளை மாத்திரையைக்கூட அவள் தவறவிடவில்லை.

தேறினாள். தூக்கம் வந்தது. நோட்டில் பயம் எட்டிலிருந்து ஆறுக்கும், ஆறிலிருந்து நான்குக்கும் இறங்கியது. 'அவருக்குக் கேட்கவில்லை' என்று முப்பத்தொரு முறை எழுதிவிட்டாள்.

ஆனால் குரல் குறையவில்லை. பக்கத்தில் வந்தது. கடைசி மூலையில் கேட்டது தண்ணீர்த் தொட்டியருகே கேட்டது. பிறகு நடு வரிசையில். நோயின் குரலுக்கு இடம் ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் மதியம்தான். கோழிகள் அடங்கின. மின்விசிறியின் முனகல் மட்டும் மிச்சமிருந்தது. கருவாட்டு வாசத்துக்கு நடுவே ஈரமண் வாசம் வந்தது. மழை இல்லை.

"சாமி..."

வாசல் பக்கம்.

அவனிடம் கேட்க அவள் வாயைத் திறந்தாள். கேட்கவில்லை. அதற்கு முன்பே ஜெகதீஸ்வரன் வாசலைத் திரும்பிப் பார்த்திருந்தான். அவன் கையிலிருந்த முட்டை கீழே விழுந்து உடைந்திருந்தது.

"உங்களுக்குக் கேட்டுச்சு."

"இல்ல புள்ள..."

"ஏனுங்க. என்ற மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் உடைந்த முட்டையைப் பார்த்தான். "மொத நாள்லயிருந்தே கேக்குது. கேக்குதுன்னு சொன்னா நீ மறுக்காவும் படுத்துக்குவே. அக்கா வந்து பாப்பாவைக் கூட்டீட்டுப் போயிரும். அதான்..." மறுபடியும் வாசலைப் பார்த்தான். "செத்துப்போன எங்கம்மா என்னையக் கூப்பிடற மாதிரியே இருக்குது, மைதிலி."

அந்தப் பொய்யில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அன்பு மட்டுமே இருந்தது. ஆனாலும் அந்த முப்பத்தொரு முறையில் ஒரே ஒரு முறை அவன் உண்மையைச் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். அவள் தன் அப்பா என்று நினைத்திருந்தாள். அவன் தன் அம்மா என்று நினைத்திருந்தான். சாமி என்ற சொல் இந்த வீட்டில் இன்னொருவருக்கும் உண்டு.

"அப்ப... ஆரைக் கூப்பிடுது?"

கோழிகள் இன்னும் கத்தவில்லை.

வாசலிலிருந்து சஷ்மிதாவின் குரல் வந்தது. தினமும் பதில் சொல்லிப் பழகிய குரல்.

"இதா வாரேனுங்க."

பெரியவர்களிடம் மட்டும்தான் அவள் அப்படி 'ங்க' போட்டுப் பேசுவாள்.

வாசலுக்கு ஓடினார்கள். அட்டை வீடு இருந்தது. பிள்ளை இல்லை. உள்ளே, பக்கத்து வரிசையில், கொலுசுச் சத்தம். அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மைதிலி வரிசை முனைக்கு வந்தாள். "பாப்பா!" என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை.

சஷ்மிதா கடைசி மூலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. பெரியவர்களின் விரலைப் பிடித்து நடக்கும் பிள்ளையைப் போல. விரல்கள் இறுக மூடியிருந்தன. இரண்டு பக்கமும் கூண்டுகளுக்கு வெளியே கோழிகள் கழுத்தை நீட்டியிருந்தன. ஒன்றும் கத்தவில்லை. ஒன்றும் பிள்ளையைப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரே இடத்தைப் பார்த்தன. அது நகர நகர, வரிசை வரிசையாக, தலைகள் திரும்பிக்கொண்டே போயின.