போத்தலில் வந்த தாய்ப்பால்

“கொட்டிட்டீங்களா?”

பழனியாண்டி போட்ட சத்தத்தில் நர்ஸ் நாகலெட்சுமி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அகலமான, கறுத்த கண்கள்… அவற்றைப் பார்த்ததும் அவனுக்குப் பாதிக் கோபம் மறந்துபோனது. மீதிப் பாதியே ஆஸ்பத்திரியை இடிக்கப் போதும்.

அறுபத்தொன்றாம் வருஷம், ஆனி மழை. அவனுடைய அக்கா வீரம்மா கூலியாட்களின் லயத்து வீட்டில் குறைமாதத்தில் பெற்ற குழந்தையைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மூன்றரை ராத்தல் எடை. வீரம்மாவால் எழுந்து நடக்க முடியாது. அவள் பீச்சிக் கொடுத்த பாலைத் தம்பி மூன்று மைல் சுமந்து வந்தான். அதை இந்த நர்ஸ் முகர்ந்து பார்த்துவிட்டு வாளியில் ஊற்றிவிட்டாள்!

“எங்க அக்கா அழுதுக்கிட்டே பீச்சின பால் மிஸ்ஸி…”

“புளிச்சுப்போச்சுங்க. எப்ப எடுத்தது?”

“நேத்து அந்தியில கொஞ்சம், காலையில கொஞ்சம்… குளிரக் கூடாதுன்னு அடுப்போரமா வச்சிருந்தோம். வழியெல்லாம் கம்பளிக்குள்ள அணைச்சுத்தான் கொண்டாந்தேன்.”

“நல்லா அணைச்சீங்க போங்க! சூட்டுலதான் பால் கெடும். போத்தலக் கொதிதண்ணியில போட்டு எடுங்க. அக்காவ சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க. காலையில பீச்சினத மட்டும் ஈரத்துணி சுத்தி உடனே கொண்டாங்க. பழசோட கலக்காதீங்க.”

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் முதல் சொன்னபடியே செய்தான். ஆனால் போத்தலை ஆயாவிடம் கொடுத்துவிட்டு முகம் காட்டாமல் திரும்பிவிடுவான். நாகலெட்சுமி அதை வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கி, சங்கில் துளித்துளியாகப் புகட்டினாள். ஜன்னலில் தெரிந்ததெல்லாம் அவன் முதுகு மட்டும்தான்.

எட்டாம் நாள் அவளே மழையில் இறங்கி வழிமறித்தாள்.

“பேசவே மாட்டீங்களா? தாய்ப்பாலக் கொட்டினா எனக்கு மட்டும் வலிக்காதா? அதக் குடுத்திருந்தா புள்ள தாங்கியிருக்காதுங்க…”

கண்கள் நிறைந்திருந்தன. மழைத்தண்ணீர் என்று சமாளிக்கவும் வழியில்லை. கையில் குடை இருந்தது.

“புள்ள எப்படி இருக்கா மிஸ்ஸி?” என்றான் மெதுவாக.

“நாலு ராத்தலுக்குக் கிட்ட வந்துட்டா. வந்துதான் பாருங்களேன்!”

அதன்பிறகு குழந்தை குடித்து முடிக்கும்வரை அவன் போவதில்லை.

ஆடி நடுவில் குழந்தை ஐந்து ராத்தலைத் தொட்டது. வீரம்மா தானே நடந்து வந்து தூக்கிப் போனாள். எல்லோருக்கும் சந்தோஷம். நாகலெட்சுமிக்கு மட்டும் வார்டு வெறிச்சென்று இருந்தது.

மறுநாள் அவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

“பால் கொண்டாற வேலைதான் முடிஞ்சுபோச்சே… இன்னும் என்னங்க?”

“ஒங்களப் பாக்காம இருக்க முடியல மிஸ்ஸி… என்னைக் கட்டிக்கிறீங்களா?”

அவள் தலை குனிந்தது. சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை.

“இதச் சொல்ல இத்தனை நாளா? ஆடி கழியட்டும்… எங்க அப்பாகிட்ட வந்து கேளுங்க. நானும் இப்பவே சொல்லி வைக்கிறேன்.”