அரை மில்லிமீட்டர்

மதியம் இரண்டு மணிக்கு மூடியிருந்த மார்பு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது திறந்திருந்தது.

திறந்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. முன்தகடும் பின்தகடும் சேர்கிற விலாப்பக்கத்தில், நகம் நுழையாத ஓர் இடைவெளி. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவன் கண்ணில் பட்டது. இந்த மாதிரி இடைவெளிகளைக் கண்டுபிடிப்பதுதான் பதினொரு வருடமாக அவன் பிழைப்பு.

ராட்சத ரோபோ பொம்மையைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கிற கம்பெனி அது. கடைக்குப் போகும் முன் முதல் வார்ப்பு அவனிடம் வரும். பிளாஸ்டிக் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, விளக்கப் புத்தகத்தில் உள்ள வரிசைப்படி மாட்டி, முழங்கை எவ்வளவு மடங்குகிறது, முட்டி தளர்கிறதா, இடுப்பு சுழல்கிறதா என்று பார்த்து மதிப்பீட்டுத் தாளை நிரப்ப வேண்டும். முதல் வார்ப்பில் நிறத்தைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆலையில் அன்றைக்கு என்ன பிளாஸ்டிக் மிச்சமோ அதிலேயே ஊற்றிவிடுவார்கள். இந்த ரோபோவுக்குத் தலை வாளி நீலம், கால்கள் ரோஸ். மார்பு மட்டும் மனிதத் தோலின் நிறம். பெட்டியைப் பிரித்தபோதே அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"என்னங்க, மாப்பிள்ளைக்கு இன்னும் சட்டை பத்தலையா?" ஜன்னலோர நாற்காலியிலிருந்து மனைவி கேட்டாள்.

"டீ குடிக்கப் போறப்ப மூடித்தான் இருந்துச்சு. நீ தொட்டியா?"

"பாத்ரூம் போறதுக்கே உங்களத்தான் கூப்பிடறேன். எந்திரிச்சு வந்து உங்க பொம்மையத் தொட்டேனாக்கும்."

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. அந்த மூச்சின் கடைசியில் ஒரு மெல்லிய விசில் கேட்டது.

நுரையீரலில் சளி கட்டி பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் ராத்திரி பகல் எல்லாம் அந்த நாற்காலிதான், முதுகுக்கு மூன்று தலையணை. மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும், மூச்சை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவன் காது அந்த விசிலிலேயே கிடந்தது. சமையலறையில் நின்றாலும் குளித்தாலும் கேட்டுக்கொண்டே இருந்தான். அது நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்ததில் பைத்தியம் பிடித்துவிடும் போலவும் இருந்தது. இந்த இரண்டாவதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இடைவெளியை அளந்தான். அரை மில்லிமீட்டர் கேஜ் தகடு உள்ளே போனது. தாளில் எழுதினான். எழுதிவிட்டுத் தகட்டை இழுத்தால் வரவில்லை, உள்ளே எதுவோ அதைக் கவ்விக்கொண்டிருந்தது. ஓரிரு விநாடி கழித்துத் தானாகவே விட்டது. மறுபடி அளந்தபோது அரை மில்லி நுழையவே இல்லை. எழுதியதை அடித்து 0.3 என்று எழுதினான். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தால், வழுக்கிக்கொண்டு அரை மில்லி போனது. அதையும் அடித்தான். தாளில் அந்த ஒரு கட்டம் மட்டும் கோழி கிளறின மாதிரி ஆகியிருந்தது.

பிரிக்கிற பட்டைத் தகட்டை இடைவெளியில் சொருகித் திருகினான். மார்பு இரண்டாகக் கழன்றது. உள்ளே நான்கு முளை, நான்கு துளை, கழுத்தைத் தாங்கும் மூட்டு. வேறொன்றும் இல்லை. தடுக்கிற பிசிறு எதுவும் இல்லை. ஆனால் உள்சுவர் ஈரமாக இருந்தது. கட்டைவிரலால் தடவியபோது வெதுவெதுப்பாக இருந்தது. புது பிளாஸ்டிக்கின் காரமான வாடையை எதிர்பார்த்து முகர்ந்தான். நாள்கணக்கில் ஒரே போர்வைக்குள் கிடந்தவர்களின் போர்வையை உதறினால் வருமே, அந்த வாசனை வந்தது. தன் கை வேர்வைதான் என்று துணியால் துடைத்தான். முளைகளின் முனையை நிப்பர் குறட்டால் சாய்வாக வெட்டிவிட்டு மறுபடி மூடினான். 'டக்'கென்று உட்கார்ந்தது. மனதுக்குள் எட்டு எண்ணுவதற்குள் இடைவெளி வந்துவிட்டது.

ஆலையில் வார்ப்பு அச்சைப் பார்த்துக்கொள்கிற மாஸ்டருக்குப் போன் போட்டான்.

"மாஸ்டர், மார்பு மூட மாட்டேங்குது."

"அதுவா மூட மாட்டேங்குதா, உங்களுக்கு மூட வரலையா?"

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வெறுப்பேத்தாதீங்க."

"கோச்சுக்காதீங்க சார், இங்கயும் அதே கதைதான். ஆறு செட் ஊத்தினோம். அஞ்சுல அதே அரை மில்லி. அச்சைக் கழட்டி அளந்தாச்சு, ஒரு தப்பும் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் முடி நுழையாத அளவுக்கு மூடியிருக்கு."

"அதை யார் கட்டினது?"

"நம்ம மெஷின் ஆபரேட்டர். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கட்டினான்."

"எப்படி மூடினான்னு கேட்டுச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு நான் தாளைக் குடுத்தாகணும்."

"லீவுல இருக்கான் சார். அன்னைக்கு சாயங்காலமே அவங்க அப்பா தவறிட்டாரு. பக்கத்துல உக்காந்து இவன் கட்டறதப் பாத்துட்டே இருந்தாராம். பேச்சு பேச்சா இருக்கறப்பவே போயிட்டாரு."

"அடடா," என்றான் அவன். ஒரு நிமிடம் போகட்டும் என்றிருந்துவிட்டு, "அந்த செட்டையாவது அனுப்ப முடியுமா?" என்று கேட்டான்.

"குடுக்க மாட்டேங்கறான். அந்த பொம்மையக் காதுல வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கானாம். துக்க வீட்டுல போய் என்னத்தக் கேக்கறது?"

போனை வைத்ததும் அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது, பிறகு மாஸ்டர் மேல், பிறகு இந்தத் தோல் நிறத் துண்டின் மேல். ஆறில் ஒன்று மூடுகிறது என்றால் மூட வழி இருக்கிறது. யாரோ ஒரு ஆபரேட்டருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பதுதான் அவனைக் குடைந்தது.

ஐந்து மணி வெயில் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தூசி அவளுக்கு ஆகாது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தான், காற்றில் சின்னப் பாகங்கள் உருண்டு ஓடும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தான், அதனால் மருந்து வாசனையும் உப்புத்தாள் தூளும் பழைய வேர்வையும் கலந்த புழுக்கம் அறைக்குள் அப்படியே நின்றது, அதற்கு நடுவே பின்னாலிருந்து அந்த விசில் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. பூதக்கண்ணாடி விளக்கைக் கீழே இழுத்து ரோபோவின் விலாவைப் பார்த்தான். கையை எடுத்துவிட்டான். வெறுமனே பார்த்தான்.

இடைவெளி அகன்றது. குறுகியது. அகன்றது.

தன் கண் துடிக்கிறது என்று நினைத்தான். கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தான். குறுகும்போது பின்னால் விசில் கேட்டது. விசில் முடிந்து அவள் மூச்சை உள்ளே இழுக்கும்போது அகன்றது. மேஜை ஆடுகிறது, அவ்வளவுதான். அவள் நாற்காலி ஆடுகிறது, தரை ஆடுகிறது, மேஜை ஆடுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். இதைத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்தித் தொலையேன்," என்றான்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்தச் சத்தம்? மூச்சு விடறதா?" அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது, குலுக்கிப்போடுகிற இருமல். மேஜை மேல் மார்பின் முன்தகடு படீரென்று தெறித்து விளக்கில் மோதி விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா, மாப்பிள்ளைக்கும் இருமல்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, உங்க முகத்தப் பாக்கவே சகிக்கல. நான் மூச்சப் பிடிச்சுக்கறேன். அதுக்குள்ள பொத்தானப் போட்டு முடிங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அது அவனுக்குப் பிற்பாடும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் கை அதற்கு முன்பே இரண்டு தகடுகளையும் எடுத்துவிட்டது. அவள் குழந்தை மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, கன்னம் இரண்டையும் உப்பவைத்து, ம், சீக்கிரம் என்று புருவத்தை உயர்த்தினாள்.

நான்கு முளையும் நான்கு துளையில் உட்கார்ந்தன. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. சத்தமே இல்லை.

விட்டுப் பார்த்தான். திறக்கவில்லை. எட்டு எண்ணினான். திறக்கவில்லை. நகத்தை ஓட்டினான், தடுக்கவில்லை. இருப்பதிலேயே மெல்லிய தகட்டை எடுத்தான், முடியைவிட மெல்லியது. அது வளைந்ததே தவிர நுழையவில்லை.

"மூடிடுச்சு," என்றான். மதியத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. பேனாவை எடுத்தான். இடைவெளி: பூஜ்யம். பொருத்தம்: மிக நன்று. வீடு அமைதியாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எழுதி முடிக்கிற வரை அந்த அமைதி அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

"போதும், விடு," என்றான், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

விசில் மறுபடி தொடங்கவில்லை.

திரும்பினான். மூக்கைப் பிடித்தபடி, கன்னத்தை உப்பியபடி, அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் சிரிப்பு இருந்தது.

"விளையாடாத. விடுன்னு சொல்றேன்ல."

போய்க் கையைப் பிடித்து இழுத்தான். கை மடியில் விழுந்தது. கன்னம் உப்பியபடியே இருந்தது. தொட்டான். கல். உதட்டைப் பிரித்தான். பிரியவில்லை. உதடுகள் சேர்கிற கோடு மெல்லியதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். கண் மட்டும் அவன் கையோடு நகர்ந்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

மேஜைக்கு ஓடினான். பட்டைத் தகடு. ரோபோவின் விலாவில் வைத்து அழுத்தினான். வழுக்கியது. மறுபடி. வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. எங்கே வைப்பது? கோடு எங்கே? விளக்கை இழுத்தான். முன்தகடு எங்கே முடிகிறது, பின்தகடு எங்கே தொடங்குகிறது? தோல் நிறம். எல்லாம் ஒரே தோல் நிறம். நிப்பரைத் தூக்கினான், கவ்வுவதற்கு ஒரு ஓரம் இல்லை. அரை மில்லி. அரை மில்லி போதும்.

ரோபோவை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் போனில் அவசர எண்ணைத் தட்டினான். ஒரு பெண் முகவரி கேட்டாள். சொன்னான். வண்டி கிளம்பிவிட்டது, பத்து நிமிடம் என்றாள்.

"அவங்களுக்கு மூச்சு வருதா சார்? பக்கத்துல போய்ப் பாருங்க."

அப்போதுதான் கேட்டது. மெல்லிய விசில். நாற்காலிப் பக்கமிருந்து இல்லை. அவன் கைக்குள்ளிருந்து.

ரோபோவைத் தூக்கிக் காதில் வைத்தான்.

"சார்? மூச்சு வருதா?"

"வருது," என்றான்.

"நல்லதுங்க. எப்படி வருது?"

"குறைஞ்சிட்டே வருது."

இழுப்பறையில் சுத்தியல் இருந்தது. எடுத்தான். ரோபோவை மேஜையில் படுக்கவைத்து, ஓங்கினான். ஓங்கிய கை அங்கேயே நின்றது. உடைத்தால் திறக்கும். ஆனால் உடைந்ததை அவன் ஒருநாளும் பழையபடி சேர்த்ததில்லை. உள்ளே இருக்கிற மூச்சு வெளியே வந்து எங்கே போகும்? அவளிடம் போகுமா? போகாவிட்டால்?

விசில். ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

கட்டைவிரல் ரத்தம் தோல் நிற மார்பின் மேல் சொட்டி, தேங்குவதற்கு ஒரு கோடுகூட இல்லாமல் வழுக்கி மதிப்பீட்டுத் தாளில் விழுந்தது. சுத்தியலை ஓங்கியபடி அவன் அவளைப் பார்த்தான். கன்னம் உப்பித்தான் இருந்தது. கண் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.