பெருவிரலில் மை

தலைமாட்டில் இருந்த மருந்துப் பெட்டி 'டிக்' என்றதில் கமலவல்லிக்கு விழிப்பு வந்தது. அதன் பட்டனை அமுக்கினால் வரும் சத்தம். அவள் அமுக்கவில்லை.

வரப்பில் வழுக்கி உடைந்த வலது தோளுக்கு முந்தாநாள் கும்பகோணத்தில் ஆபரேஷன். கழுத்தோரம் செருகிய மெல்லிய குழாய் வழியே அந்தப் பெட்டியிலிருந்து மரப்பு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் வானதி காலையிலேயே சொல்லியிருந்தாள்: "சொட்டுச் சொட்டா போனா வலிதாம்மா மரக்கும், விரல் அசையும். தாங்கலைன்னா மட்டும் பட்டனை அமுக்குங்க. மொத்தமா எறங்குனா கை துவண்டுடும். அளவு மீறுனா மூச்சே பாதியாயிடும்."

காலையில் ஸ்பூன்கூடப் பிடித்தாள். இப்போது, மதிய வெயிலில், தெருவில் பாத்திரம் தட்டும் ஓசையும் டெட்டால் வாடையும் அதற்கடியில் பத்திர ஆபீஸில் வருமே அந்த வாடையும் கலந்து வர, ஈரச் சாக்குபோலக் கிடந்தது கை.

இடது கையால் போர்வையை விலக்கினாள். வலது பெருவிரலில் ஊதா மை.

ஸ்டூலில் தம்பி மணிவண்ணன். ரெண்டு நாளாய் ஊட்டிவிட்டவன், தலை வாரிவிட்டவன். பட்டன் அவன் மடியில்.

"எதுலடா ரேகை வாங்குன?"

"பாபநாசத்து நெலந்தான்க்கா. கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னியே. கை வரலைன்னா ரேகை போதுமாம்." சிரித்தான். "படிச்சவ கைநாட்டு வச்சுட்டே பாரு. இன்னும் ரெண்டு தாள் இருக்கு. காபி குடிச்சுட்டு வந்துடறேன்."

பட்டனை எட்டாத ஆணியில் மாட்டினான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அவன் வருவதற்குள் முஷ்டியை மூடிவிட வேண்டும். மூடிவிட்டால் ரேகை எடுக்க முடியாது. மடங்கு என்றாள். மடங்கு. விரல் யாருடையதோபோலக் கிடந்தது.

டிக்.

அறையில் யாரும் இல்லை.

டிக்.

மூச்சு இழுத்தாள். பாதிதான் வந்தது. வானதியைக் கூப்பிட்டாள். குரல் கம்மி, வெறும் காற்று.

ஆணியைப் பார்த்தாள். பட்டன் இல்லை. ஒயர் போர்வைக்குள் போயிருந்தது.

இழுத்தாள்.

அவளுக்கு மடங்காத கை பட்டனைப் பிடித்திருந்தது. இடது கையால் பிடுங்கினாள். பிடி தளரவில்லை.

மை பூசிய பெருவிரல் நிதானமாக அமுக்கிக்கொண்டிருந்தது.

டிக்.